பாட்டு முதலில், அம்பு பிறகு

கொனாமி நிறுவனத்தின் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ 1998-இல் ஜப்பானிய ஆர்கேடுகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே ப்ளேஸ்டேஷன் வட்டாக வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. திரையின் கீழிருந்து அம்புகள் மேலேறி வரும். மேலே அசையாமல் நிற்கும் நான்கு அம்புகளோடு அவை பொருந்தும் கணத்தில், காலடியில் அதே திசையை மிதிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். முந்தைய அத்தியாயங்களில் இந்த வரிசையின் பொதுவான வட்டுகளைப் பார்த்தோம். இப்போது பார்க்கப்போவது அதன் ஒரு கிளையை: ஒரே இசைக்குழுவின் பாட்டுகளை மையமாக வைத்து வந்த ‘டான்சிங் ஸ்டேஜ் ஃபீச்சரிங் ட்ரீம்ஸ் கம் ட்ரூ’. ஆர்கேடில் 1999, ப்ளேஸ்டேஷனில் 2000.

இதற்குத் தனி அத்தியாயம் ஏன் என்றால், இதை ஆடும் முறையே வேறு. பொதுவான வட்டுகளில் பெரும்பகுதி நடனக் கூடத்துக்கென்றே கட்டிய இசை. கீழ்த்தாளம் ஓங்கிக் கேட்கும், குரல் அதன் மேல் அங்கங்கே வந்துபோகும். ட்ரீம்ஸ் கம் ட்ரூவின் பாட்டுகள் பாடுவதற்காக எழுதப்பட்டவை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்து, ஜப்பானியருக்கு மனப்பாடமாகிவிட்ட பாட்டுகளின் மேல்தான் பிறகு அம்புகள் அடுக்கப்பட்டன. அன்று ஆர்கேடில் காசு போட்டு ஏறியவருக்கு அடுத்த வரி எங்கே தொடங்கும், பல்லவி எப்போது திரும்பும் என்பது காலுக்கு முன்பே காதுக்குத் தெரியும். நமக்கு அந்த முன்பழக்கம் இல்லை. ஆகவே வட்டைச் சுழலவிடும் முன் அந்தப் பழக்கத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வேலைக்குத் துணை.

குழுவைப் பற்றி

1988-இல் கூடிய மூவர், 1989 மார்ச்சில் முதல் பதிவை வெளியிட்டார்கள். பாடகி யோஷிதா மிவா, ஹொக்கைதோவின் இகெதா ஊர்க்காரர். நகமுரா மசாதோ பாஸ் கிதார் வாசிப்பவர், பெரும்பாலான பாட்டுகளுக்கு இசையமைப்பாளரும் அவரே. நிஷிகாவா தகாஹிரோ கீபோர்ட். நிஷிகாவா 2002-இல் விலகினார். நாம் ஆடப்போகும் வட்டு மூவரும் சேர்ந்திருந்த காலத்தது. 1992-இல் வந்த அவர்களுடைய ‘தி ஸ்விங்கிங் ஸ்டார்’ ஜப்பானில் 30 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் ஆல்பம். 1995-இன் ‘லவ் லவ் லவ்’ தனிப்பாட்டாகவே 20 லட்சத்துக்கு மேல் விற்றது.

விளையாட்டு ஆடுபவர்களில் பலர் நகமுராவைப் பெயர் தெரியாமலேயே கேட்டு வளர்ந்தவர்கள். சேகாவின் ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ 1991-இல் வந்தபோது அதன் இசை அவருடையது. 1992-இன் இரண்டாம் சோனிக்குக்கும் அவரே. அந்த இரண்டாம் ஆட்டத்தின் இறுதி இசைக்குச் சொற்கள் ஏற்றிப் பாடியதுதான் ‘தி ஸ்விங்கிங் ஸ்டார்’ ஆல்பத்தில் வரும் ‘ஸ்வீட் ஸ்வீட் ஸ்வீட்’. சோனிக்கின் முதல் கட்டத்து இசை காதில் நிற்பவர்களுக்கு இந்தக் குழுவின் பாஸ் நடை புதிதாக இராது. குரலுக்குக் கீழே தானே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும் நடை அது. பாஸ் வாசிப்பவரே மெட்டமைப்பவராக இருப்பதன் பலன் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடுபவருக்கு இது பெரிய உதவி. குரல் தாளத்தை விட்டு நெகிழும் இடத்திலும் பாஸ் காலைப் பிடித்து நிறுத்தும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் 1992-இன் ‘கெஸ்ஸென் வா கின்யோபி’யில் தொடங்கலாம். 1970-களின் டிஸ்கோ, ஃபங்க் வழியில் வந்த பாட்டு. தாளம் ஒளிந்துகொள்ளாமல் முன்னால் நிற்கும். பிறகு 1989-இன் ‘உரெஷீ! தனோஷீ! தாய்சுகி!’. ‘லவ் லவ் லவ்’வை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான பாட்டில் தாளத்தைத் தேடிப் பிடிக்கும் பயிற்சிக்கு அது ஏற்றது.

வட்டும் கருவியும்

இணையச் சந்தையில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். ஐரோப்பாவில் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வரிசை பல ஆண்டுகள் ‘டான்சிங் ஸ்டேஜ்’ என்ற பெயரில்தான் விற்கப்பட்டது. வெறும் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் ‘யூரோமிக்ஸ்’ போன்ற ஐரோப்பிய வட்டுகளே வந்து குவியும். குழுவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஜப்பானிய விற்பனையாளர்கள் ‘டோரிகாமு’ என்ற சுருக்கத்தில் குறிப்பதும் உண்டு.

இது ஜப்பானிய வட்டு. பகுதிப் பூட்டு இருப்பதால், மாற்றியமைக்காத ஐரோப்பிய, அமெரிக்க ப்ளேஸ்டேஷன்களில் ஓடாது. ஜப்பானிய ப்ளேஸ்டேஷன் அல்லது ஜப்பானிய ப்ளேஸ்டேஷன் 2 வேண்டும். இரண்டாவதில் ஓட்டினாலும் சேமிப்புக்கு முதல் ப்ளேஸ்டேஷனின் மெமரி கார்டுதான் செல்லும். காலால் மிதிக்கும் பழைய மேட்டின் கம்பி இரண்டு கருவிகளின் கன்ட்ரோலர் துளையிலும் பொருந்தும்.

மின்சாரத்தில் கவனம். ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட், நம் வீடுகளில் 230. நேராகச் செருகினால் கருவி அந்தக் கணமே போய்விடும். 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 100 வாட் தாங்கும் ஒன்று போதும். கருவி வாங்கிய உற்சாகத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு வரும்வரை கருவியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம்.

இன்னொரு சிறு விஷயம். அக்காலத்து ஜப்பானிய ஆட்டங்களில் வட்டப் பொத்தான்தான் ‘சரி’, பெருக்கல் பொத்தான் ‘வேண்டாம்’. மற்ற நாட்டு வட்டுகளில் பழகிய கை இதை மாற்றி அழுத்தி, தேர்ந்தெடுத்த பாட்டிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும்.

திரை தாமதிக்கும், ஒலி தாமதிக்கக் கூடாது

இந்த ஆட்டம் பிறந்த காலத்தில் எல்லா வீட்டிலும் குழாய்த் தொலைக்காட்சி. அதில் படம் கருவியிலிருந்து புறப்பட்ட உடனே திரையில் விழும். இன்றைய எல்சிடி திரை, பழைய கருவியின் படத்தை வாங்கி, தன் அளவுக்கு விரித்து, சீர்படுத்திய பிறகே காட்டுகிறது. அதற்குள் சில பத்து மில்லிசெகண்டுகள் கழிந்துவிடும். பிற்காலத் தாள ஆட்டங்களில் இந்த இடைவெளியைச் சரிக்கட்ட ஒரு அமைப்பு இருக்கும். 2000-இன் வட்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

இதன் அளவை ஒரு கணக்கு காட்டும். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஓர் அடி 500 மில்லிசெகண்ட். அதில் பாதி 250, கால் 125. திரை 50 மில்லிசெகண்ட் தாமதித்தால், விரைவான அடிகளில் கிட்டத்தட்ட பாதி தூரம் பின்தங்கிவிட்டீர்கள். கண்ணால் பார்த்து மிதிப்பவருக்கு எத்தனை நாள் பழகினாலும் ‘பர்ஃபெக்ட்’ என்ற உச்ச மதிப்பீடு வராமல் ‘கிரேட்’, ‘குட்’ என்றே வந்துகொண்டிருக்கும். தன் காலில்தான் குறை என்று அவர் எண்ணிக்கொள்வார்.

குழாய்த் தொலைக்காட்சி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். என்டிஎஸ்சி முறையை ஏற்பதா என்று முதலில் கேளுங்கள். பால் முறை மட்டும் தெரிந்த பழைய பெட்டியில் படம் கறுப்பு-வெள்ளையாகும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும். எல்சிடிதான் இருக்கிறது என்றால் ‘கேம் மோட்’ போடுங்கள். அதைவிட முக்கியமானது ஒலி. கருவியிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளைக் கம்பிகளைத் தொலைக்காட்சியில் செருகாமல், தனி ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ நேராகச் செருகுங்கள். மஞ்சள் கம்பி மட்டும் திரைக்குப் போகட்டும். இப்போது ஒலி உரிய நேரத்தில் வரும், படம் மட்டும் பிந்தும். காதை நம்பி மிதித்தால் கால் சரியாக விழும். பாட்டை முன்பே பழகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: பாட்டு தெரிந்தவருக்குத் திரையின் தாமதம் பாதித் தொல்லைதான். புளூடூத் ஸ்பீக்கரையும் ஹெட்ஃபோனையும் இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அவற்றில் ஒலி பெரும்பாலும் 100 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தி வரும்.

மேட்

வீட்டு மேட்டின் உள்ளமைப்பு எளியது. மின்கடத்தும் இரண்டு படலங்கள், நடுவே ஓட்டை போட்ட நுரைத் தாள். மிதிக்கும்போது ஓட்டை வழியே மேல்படலம் கீழ்ப்படலத்தைத் தொடும். அந்தப் படலம் மடிந்தால் தடம் விட்டுப்போகும். அதனால் மேட்டை மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். ஷூ போட்டு ஏறக் கூடாது. வெறுங்கால் வியர்த்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், மெல்லிய பருத்திச் சாக்ஸ் நல்லது.

மொசைக், டைல்ஸ் தரையில் மேட் வழுக்கி நகரும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது நீங்கள் சுவரை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பீர்கள். ஒரு பிளைவுட் பலகையில் நான்கு ஓரங்களையும் அகலமான டேப்பால் ஒட்டி, பலகைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் இரண்டு வேலை முடியும்: மேட் நகராது, கீழ்வீட்டுக்குச் சத்தமும் குறையும். அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருப்பவர் ரப்பரை இன்னும் ஒரு சுற்று கனமாகவே வாங்கட்டும்.

குதிகாலால் ஓங்கி மிதிப்பதுதான் முழங்காலைக் கெடுப்பது. முன்பாதத்தால் தொட்டாலே போதும், படலம் அவ்வளவு மெல்லியது. முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே இருக்கட்டும்.

காதைத் தயார்செய்வது

நம்மிடம் இதற்கு ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை நான்கு அடிச் சுற்றில் போகின்றன. இரண்டு சுற்றைச் சேர்த்தால் எட்டு, அதாவது ஆதி தாளம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தாளம் போடுங்கள். பல்லவி திரும்பும் இடம் முதல் தட்டில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் விழாது. குரல் அரை அடியோ ஓர் அடியோ முன்னதாகவே எடுத்துவிடும். கர்நாடக இசையில் அதீத எடுப்பு என்று சொல்வது இதைத்தான். குரலைக் கேட்டவுடன் காலை வைத்தால் சுற்று முழுவதும் அரை அடி முந்திப்போகும். எந்தப் பாட்டில் எந்த வரி அப்படி முந்தி எடுக்கிறது என்பதை உட்கார்ந்திருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும். நின்று ஆடும்போது அதற்கு நேரம் இராது.

அம்புகளின் நெருக்கத்துக்கும் இதே கணக்கு. அடிக்கு ஒரு அம்பு என்றால் முதல் காலம், இரண்டு என்றால் இரண்டாம் காலம், நான்கு என்றால் மூன்றாம் காலம். ‘தா’, ‘தக’, ‘தகதிமி’ என்று வாயால் சொல்லிக்கொண்டே அம்புகளைப் பாருங்கள். மேட்டில் ஏறாமல், இன்னொருவர் ஆடும்போதோ பதிவு செய்த ஆட்டத்தைப் பார்க்கும்போதோ சொல்லிப் பழகலாம். மிருதங்கமோ பரதமோ சிறிதளவு கற்றவர்களுக்கு இது உடனே பிடிபடும். கற்காதவர்களுக்கும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் வந்துவிடும்.

ஜப்பானிய மொழி நமக்கு இன்னொரு உதவியும் செய்கிறது. அதன் ஓசை அலகுகள் நம் மாத்திரையைப் போன்றவை: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ‘தோக்யோ’ என்பது நான்கு அலகு. ஒரே ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். தமிழில் ஒற்றுக்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ நிற்கும் ‘ன்’னுக்கும், இரட்டிக்கும் மெய்யின் முதல் பாதிக்கும் முழு அலகு உண்டு. ‘நிப்பொன்’ என்ற சொல் அவர்களுக்கு நி, ப், பொ, ன் என நான்கு. பாட்டில் இந்த நான்கும் பெரும்பாலும் நான்கு தனிச் சுரங்களில் விழும். குரலைத் தொடர்ந்து அம்புகள் வரும் இடத்தில் நாம் மூன்று எதிர்பார்க்கும்போது நான்கு வருவதன் காரணம் இது. பொருள் தெரியாவிட்டாலும் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஒற்றுகளுக்கு மேல் ஒரு புள்ளி கூடுதலாக இட்டு, வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பாடத் தெரிந்த வரியில் கால் தவறுவது குறையும்.

இந்த வரிசையின் வழக்கப்படி ஆட்டத்தில் பாட்டு முழுதாக ஒலிப்பதில்லை, வெட்டிச் சுருக்கியே வரும். முழுப் பாட்டைப் பழகியவர் இரண்டாம் சரணத்தை எதிர்பார்த்து நிற்கும்போது பாட்டு முடிவுக்குத் தாவியிருக்கும். முதல் ஆட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் வெட்டு எங்கே என்று மட்டும் கவனியுங்கள்.

கால்

புதியவர் எல்லோரும் செய்வது ஒன்று. ஒவ்வொரு அம்புக்கும் நடுவிலிருந்து காலை வெளியே வைத்து, மிதித்து, மீண்டும் நடுவுக்கு வருவது. ஓர் அம்புக்கு இரண்டு அசைவு. முதல் காலத்தில் தாக்குப்பிடிக்கலாம், இரண்டாம் காலம் வந்ததும் மூச்சு வாங்கும். நடுவை மறந்துவிடுங்கள். மிதித்த கால் மிதித்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் மேல் நிற்பதால் எந்தக் கெடுதலும் இல்லை, கால் இறங்கும் கணம் மட்டுமே கணக்கு. அடுத்த அம்புக்கு மற்ற கால்.

வலம், இடம் என்று காலை மாற்றி மாற்றி வைப்பதே அடிப்படை. இடது அம்புக்கு இடது கால், கீழ் அம்புக்கு வலது கால் போய்விட்டது, அடுத்து வருவது வலது அம்பு என்று வைத்துக்கொள்வோம். மாற்று விதிப்படி இப்போது இடது கால்தான் போக வேண்டும். இடுப்பைத் திருப்பி, வலது காலைக் கடந்து, இடது காலை வலது அம்பில் வையுங்கள். முதலில் உடல் மறுக்கும். பழகியதும் இந்த ஆட்டத்தில் நடனம் என்று சொல்லத்தக்கது தொடங்குவதே இங்கேதான். தோள் திரையைப் பார்த்தபடியும் இடுப்பு மட்டும் திரும்பியும் இருந்தால் கண் அம்பை விடாது. மேட் இல்லாமல், தரையில் நான்கு சாக்பீஸ் குறி போட்டு, ‘இடது, கீழ், வலது, கீழ், இடது’ என்று பாட்டுக்கு மெதுவாக நடந்து பழகுங்கள். பிறகு ‘இடது, மேல், வலது, மேல், இடது’. இதில் கால் முன்னால் போகாமல் பின்னால் கடக்கும், உணர்வே வேறு.

இரண்டு அம்புகள் ஒன்றாக வரும்போது இரண்டு காலும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். அதற்கு உயரக் குதிக்கத் தேவையில்லை. விரலளவு எழும்பினால் போதும்.

மெதுவான பாட்டு எளிது என்று எண்ணி அதிலிருந்து தொடங்காதீர்கள். அம்புகள் ஏறும் வேகம் பாட்டின் வேகத்தைப் பொறுத்தது. பிற்கால ஆட்டங்களில் அதைத் தனியே கூட்டிக்கொள்ளலாம், அன்றைய வட்டுகளில் அந்த வசதி இல்லை. மெதுவான பாட்டில் அம்புகள் ஊர்ந்து, ஒன்றன் மேல் ஒன்று நெருங்கி நிற்கும். எது இரண்டாம் காலம், எது மூன்றாம் காலம் என்று பிரித்தறிவது கடினம். கண் அயர்ந்து கால் முந்திவிடும். நடுத்தர வேகப் பாட்டில் தொடங்குங்கள். மெதுவானதற்குத் திரும்பும்போது இரண்டு மடங்கு வேகத்தில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஆடினால் முந்துவது நிற்கும்.

படியேறுவது

‘பேசிக்’, ‘அனதர்’, ‘மேனியாக்’ என்று மூன்று நிலைகள், பக்கத்தில் கால்தடக் குறிகள். குறி எத்தனை என்பதைப் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு வரி வரியாகத் தெரிந்த பாட்டில் ‘அனதர்’, இப்போதுதான் கேட்ட பாட்டின் ‘பேசிக்’கைவிட எளிதாக வரலாம். அதனால் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதன் மூன்று நிலைகளையும் ஏறி முடித்த பிறகே அடுத்த பாட்டுக்குப் போகச் சொல்வேன். பொதுவான வட்டுகளுக்கு நான் சொன்னதற்கு இது நேர் எதிர். அங்கே பல பாட்டுகளில் ஒரே நிலையைப் பரவலாக ஆடுவது நல்லது. இங்கே ஒரு பாட்டுக்குள் ஆழமாகப் போனால்தான், ‘பேசிக்’கில் டிரம்மைப் பின்பற்றிய அம்புகள் மேல்நிலையில் குரலுக்கோ பாஸுக்கோ தாவியிருப்பதைக் காணலாம். அதே பாட்டின் வேறொரு கருவியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பீர்கள்.

‘பர்ஃபெக்ட்’டும் ‘கிரேட்’டும் தொடர்ந்தால் காம்போ எண் ஏறும், ‘குட்’ வந்தாலே அறுந்துவிடும். அது அறும் இடத்தைக் குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்தால் காலைத் திருத்த முயலாமல், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த வரியை மட்டும் உட்கார்ந்து தாளம் போட்டுக் கேளுங்கள். வீட்டுப் பதிப்புகளில் வழக்கமாக இருக்கும் பயிற்சிப் பகுதியில் அந்தத் துண்டை மட்டும் மெதுவாக ஓட்டியும் பார்க்கலாம். பெரும்பாலும் குரல் முந்தி எடுக்கும் இடமாகவோ, நாம் எண்ணாமல் விட்ட ஓர் ஒற்றாகவோ இருக்கும். அது பிடிபட்டதும் எழுந்து நின்று, அந்தப் பாட்டை ‘பேசிக்’கில் ஒருமுறை முழுதாக ஆடி, பிறகு விட்ட நிலைக்குத் திரும்புங்கள்.